மாடிக்கு வந்த குருவிகள்

டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டும்போதே பொய் சொல்லும் எண்ணம் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் மருந்துக்கடைக்காரர் சொல்வார். கையில் ஒரு வாரத்துக்கான மாத்திரைகள் மட்டும் இருந்தன. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர் இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து, தரைத்தளத்து வீட்டில் ஜன்னலோர நாற்காலியே கதி என்று இருந்தார். அவர் மனைவிக்கு ஒரு சலவை நிலையத்தில் வேலை. காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருப்பவர் என்ற முறையில், சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வரும்போது மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போவது மருந்துக்கடைக்காரரின் வழக்கம். கடை அவருடையது அல்ல. அங்கே நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம்தான். ஆனாலும் கட்டடத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். காய்ச்சல், வயிற்றுவலி, குழந்தைக்கு வாந்தி, எதுவானாலும் டாக்டரிடம் போவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள்.

உள்ளே போனபோது ஜன்னலுக்கு வெளியே ஒரே கும்மாளம். கம்பிக்கு அப்பால் இருந்த தட்டில் ஏழெட்டுக் குருவிகள் விதை பொறுக்கிக்கொண்டிருந்தன. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியவை, மஞ்சள் வயிறு, கறுப்புத் தொப்பி. டிரைவர் அசையாமல் உட்கார்ந்து, உதட்டில் விரல் வைத்து, வா வா என்று கண்ணாலேயே அழைத்தார்.

மூன்று குளிர்காலமாக மருந்துக்கடைக்காரர் அந்தக் குருவிகளுக்காகத்தான் தவம் கிடந்தார். உட்கார்ந்திருக்கிற குருவியை யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். அவருக்கு வேண்டியது பறக்கிற குருவி, சிறகு முழுவதும் விரிந்து, கண்ணில் ஒளிப்பொட்டு தெரிய. இலையெல்லாம் கொட்டிப்போய், வெயில் சாய்ந்து வந்து சிறகின் அடிப்பக்கத்தில் விழுகிற இந்த மாதங்களில்தான் அது முடியும். கிளைக்கு ஒரு சாண் முன்னால், ஒன்றுமே இல்லாத இடத்தில் லென்ஸைக் குறிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கால் மடிந்து உடம்பு முன்னால் சாய்கிற நொடியில் அழுத்த வேண்டும். கிளம்பிய பிறகு அழுத்தினால் போச்சு. ஒரு நாளைக்கு நானூறு படம் எடுத்தால் முந்நூறில் வெறும் சுவர் இருக்கும். மிச்சத்தில் பாதி வால், அல்லது யாரோ தேநீரைச் சிந்தியதுபோல ஒரு கறை. நூலகக் கூடத்தில் புகைப்பட மன்றத்தின் கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது. பால்கனியில் கிளை கட்டி, பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டு, விதையும் தூவி வைத்திருந்தார். இந்த வருஷம் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. கீழே இங்கே, கழிவுநீர்க் குழாய்க்கும் காயப்போட்ட பனியனுக்கும் நடுவில், அத்தனையும் விருந்துண்டு கொண்டிருந்தன.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்க தம்பி."

"இப்படி எல்லாம் ஒரே தட்டுல வாய் வெச்சுத் தின்னா, ஒண்ணுகிட்ட இருந்து ஒண்ணுக்கு நோய் பரவும். கூட்டமா செத்துப் போயிடும். நானே படிச்சேன்."

கடையில் பேசும் அதே குரலில்தான் சொன்னார். இதை வெறும் வயிற்றில் போடாதீர்கள் என்று சொல்வாரே, அந்தக் குரல்.

டிரைவர் தட்டைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். "நான் நல்லது பண்றதால்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"தெரியாமத்தானே பண்ணினீங்க."

"போன வாரம் ஒண்ணு ஜன்னல் கீழ செத்துக் கெடந்துச்சு. குளிருலன்னு நெனச்சேன். அதுவும் இதனாலதானா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். குளிராகத்தான் இருக்கும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையை மேசையில் வைத்து, அதன் ஓரத்தை விரலால் நேராக்கினார்.

"இருக்கலாம்," என்றார்.

அன்று மாலையே தட்டு உள்ளே போய்விட்டது.

அடுத்த இரண்டு நாளும் குருவிகள் தரைத்தளத்து ஜன்னலைச் சுற்றியே அலைந்தன. மூன்றாம் நாள் வரலாறு காணாத குளிர். கார்க் கண்ணாடிகளில் உறைபனி உப்புப்போலப் படிந்திருந்தது. அன்று ஒன்று மேலே வந்தது. அதன் பின்னால் ஒன்று. மத்தியானத்துக்குள் எல்லாம் வந்துவிட்டன. பசியில் ஒன்றையொன்று விரட்டின. கிளையில் இடம் போதாமல் காற்றிலேயே சண்டை போட்டன. மருந்துக்கடைக்காரர் கடைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பால்கனியில் கம்பளிக்குள் குந்தியிருந்தார்.

தேநீர் கொண்டுவந்த மனைவி கதவருகிலேயே நின்றாள். "கீழ அண்ணன் இப்பெல்லாம் விதை வெக்கறது இல்லையாமே?"

"ஏதோ நோய் பரவுதாம்."

"அப்ப நாம வெக்கறோமே?"

"நம்மது சுத்தமா இருக்கு," என்றார், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

படம் அன்றைக்கே கிடைத்தது. இரண்டு குருவிகள், முகத்துக்கு முகம், நகங்கள் நீட்டி, நான்கு சிறகும் விரிந்து. ஒன்றின் திறந்த அலகிலிருந்து மூச்சு வெண்புகையாக வந்திருந்தது. கணினித் திரையில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மூன்று வருஷம். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. முதலில் நினைவுக்கு வந்தது கீழ்வீட்டு டிரைவர்தான். சட்டென்று திரையை அணைத்தார்.

அந்தச் சனிக்கிழமை மாத்திரைகளை அவர் கொண்டு போகவில்லை. வேலை அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டிரைவரின் மனைவியே கடைக்கு வந்தார், கையில் சலவை சோப்பின் வெடிப்புகளோடு.

"தூக்கத்துக்கு ஏதாவது இருக்கா தம்பி? அவரு சரியாவே தூங்கறது இல்ல. நாற்காலியை வேற சுவத்தைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொல்லிட்டாரு."

"ஏன் அண்ணி?"

"குருவிங்க வந்து ஜன்னல்ல தட்டுச்சாம். அதுங்க மூஞ்சியப் பார்க்க முடியலைன்றாரு. அத்தனை பேரை ஏத்திக்கிட்டுப் போய் ஒரு கீறல் இல்லாம எறக்கி விட்டவன், உக்காந்த எடத்துல கொன்னுட்டேனேன்றாரு. குருவிக்கா இப்படின்னு நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல."

சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தார். பின்னால் இருமிக்கொண்டு நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். "டாக்டர் சீட்டு இல்லாமத் தர முடியாது அண்ணி," என்றார். வரிசையே இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்பது அவருக்கே தெரியும்.

கண்காட்சியில் படத்தை வாசலுக்கு நேரே மாட்டியிருந்தார்கள். மன்றத் தலைவர் தோளில் தட்டினார். பள்ளி ஆசிரியை ஒருவர், எத்தனை பொறுமை வேண்டும் என்று மூன்று தரம் சொன்னார். ஒவ்வொரு பாராட்டுக்கும் மருந்துக்கடைக்காரர் தலையைத் தாழ்த்தினார். அதை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. நம்ம மாடிவீட்டுத் தம்பியின் படம் என்று டிரைவரிடம் அவர் மனைவி சொல்லியிருப்பார் போலிருக்கிறது. டிரைவர் சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மனைவியோடு வந்திருந்தார். படத்தின் முன்னால் வந்து நின்று, ஊன்றுகோலில் சாய்ந்து, படச் சட்டத்தின் கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குத் தலையை நீட்டினார்.

"இது கண்டக்டர்," என்றார்.

"யாருண்ணே?"

"இந்த வலது பக்கத்துக்காரன். தொப்பியில வெள்ளைப் புள்ளி இருக்கு பாருங்க. மத்ததையெல்லாம் ஏத்தி விட்டுட்டுக் கடைசியாத்தான் தட்டுல ஏறுவான். எதுத்தாப்ல இருக்கறது டிக்கெட் எடுக்காதவன். உக்காரவே மாட்டான், பறந்தபடியே புடுங்கிட்டுப் போவான்." அவர் முகம் முழுக்க மலர்ந்தது. "உயிரோடதான் இருக்கானுங்க. ஏம்மா, பாரு, உயிரோடதான் இருக்கானுங்க."

அத்தனை சனிக்கிழமைகள் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றும் அவற்றுக்குப் பெயர் இருக்கும் என்று மருந்துக்கடைக்காரருக்குத் தோன்றியதில்லை.

"எங்க எடுத்தீங்க தம்பி?"

"பால்கனியில."

"எப்ப?"

அவர் தேதியைச் சொன்னார். டிரைவர் மனதுக்குள் எண்ணிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு மெதுவாகத் தலையாட்டினார். "உங்களுக்கு முறை தெரியும். படிச்சவர். நோய் வராம எப்படி வெக்கறதுன்னு தெரிஞ்சு வெச்சிருப்பீங்க."

குத்திக்காட்டியிருந்தால் தேவலை. அவர் உண்மையாகவே அப்படி நம்பித்தான் சொன்னார்.

அவர்கள் டாக்ஸிக்காக வெளியே போய் நின்றபோது மருந்துக்கடைக்காரர் பின்னாலேயே போனார். காற்று காதை அறுத்தது. "அண்ணே, நான் அன்னைக்குச் சொன்னது பாதிதான். தட்டைத் தினமும் கொதிக்கிற தண்ணியில கழுவினாப் போதும்னும் நான் படிச்சதுலயே எழுதியிருந்துச்சு. அதை நான் சொல்லல. குருவிங்க மேல வரணும்னு… படத்துக்காக அதை மறைச்சுட்டேன்."

டிரைவரின் மனைவி கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"செத்துக் கெடந்துச்சே, அது?" என்றார் டிரைவர்.

"அது ஏன் செத்துச்சுன்னு எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி."

குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. டாக்ஸி வந்தது. இடுப்பை வளைக்க முடியாமல் அவர் உள்ளே ஏற நெடுநேரம் ஆயிற்று. மருந்துக்கடைக்காரர் ஊன்றுகோலை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். டிரைவர் அதை மனைவியிடம் கொடுத்தார்.

"சனிக்கிழமை மாத்திரை…"

"அவளே வந்து வாங்கிக்குவா," என்றார் டிரைவர். கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் விடிந்ததும் மருந்துக்கடைக்காரர் பால்கனியில் கிளையை அவிழ்த்தார். கறுப்புத் துணியைச் சுருட்டினார். விதையைத் துடைத்து எடுத்து, ஒன்று மிச்சமில்லாமல் ஒரு பையில் கட்டினார். விரல்கள் மரத்துப்போய் முடிச்சுப் போட நேரமாயிற்று. அதற்குள் குருவிகள் வந்துவிட்டன. கிளை இருந்த இடத்துக்கு நேராக வந்து, உட்கார ஒன்றும் இல்லாமல், காற்றிலேயே சிறகடித்து நின்றன. நேற்றுவரை அவர் கேட்ட ஒளி அத்தனை சிறகிலும் விழுந்தது. அவர் கையை வீசி, போ, கீழே போ என்று விரட்டினார். அவை சற்றே விலகி மறுபடியும் வந்தன.

கீழே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். கம்பிக்கு இடையில் ஒரு கை தட்டை வைத்துவிட்டு உள்ளே போயிற்று. அப்போதுதான் கழுவியிருக்க வேண்டும். அந்தக் குளிரில், தட்டிலிருந்து மெல்ல ஆவி எழுந்துகொண்டிருந்தது. தொப்பியில் வெள்ளைப் புள்ளி வைத்த ஒன்று மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து, முதல் மாடி உயரம்வரை இறங்கி, அங்கேயே நின்று சிறகடித்தது.