எதிர்ச்சுவரின் வெயில்

சனிக்கிழமைகளில் வருகிற அந்தக் கூட்டத்தைக் கண்டாலே எல்விராவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கழுத்தில் கேமராவும் கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாக வந்து, அவள் வீட்டு வேலியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எதிரே இருக்கும் கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு இருப்பதாக யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸின் அந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் பட்டறைகளும் கிடங்குகளும்தான். அவை மூடப்பட்டதும் ஒரு நிலமுதலாளி மொத்தமாக வளைத்துப்போட்டு, லோவல் பிரென்டிஸ் என்ற கட்டடக் கலைஞரிடம் இஷ்டம்போல விளையாடச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அவரும் விளையாடினார். ஒரு கிடங்கின் கூரையைப் பிளந்து கண்ணாடிப் பெட்டியைச் செருகினார். இன்னொன்றின் வெளிப்புறப் படிக்கட்டு வானத்தைப் பார்த்து ஏறி அப்படியே நின்றுவிட்டது. எல்விராவின் வீட்டுக்கு எதிரே இருந்த பொம்மைத் தொழிற்சாலைக்கு நான்கு மாடி உயரத்தில் பளபளவென்று எஃகுச் சுவர் வைத்தார். அது கிண்ணம்போல உள்ளே குழிந்த சுவர். பொழுது மேற்கே சாய்ந்தால் அதில் விழும் வெயில் அத்தனையும் திரண்டு எல்விராவின் முன்னறைக்குள் வந்து இறங்கும்.

அவள் கணவன் ரமோன் பகலில் தூங்குவது அந்த அறையில்தான். வேறு அறை கிடையாது. ரொட்டித் தொழிற்சாலையில் அவனுக்கு இரவு வேலை. போன ஆகஸ்டில் வேலைக்குக் கிளம்பியவன் வாசலிலேயே சுருண்டு விழுந்தான். உடம்பில் தண்ணீரே இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

எதிர்க் கட்டட அலுவலகத்துக்கு எல்விரா நடையாய் நடந்தாள். கடைசியில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு வந்து, ஒரு கூடை பேரிக்காயும் ஒரு ஜோடி கறுப்புத் திரைச்சீலையும் கொடுத்துவிட்டுப் போனாள். பேரிக்காய் குப்பைக்குப் போனது. திரையை மாட்டிப் பார்த்தாள். வெளிச்சமாக இருந்த அடுப்பு இருட்டான அடுப்பாயிற்று, அவ்வளவுதான். கழற்றிப் போட்டுவிட்டாள்.

அந்த ஜூலைச் சனிக்கிழமை கூட்டத்தோடு பிரென்டிஸே வந்திருந்தார். வெள்ளை லினன் சட்டை, வட்டக் கண்ணாடி. டிக்கெட் போட்டுக் கூட்டத்தை அழைத்துவந்து கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் டெஸ்ஸா என்ற பெண்ணுக்குக் குரல் நடுங்குமளவு பெருமை.

"இந்தச் சுவர் வெயிலைக் குடிச்சு, தெருவுக்கே திருப்பிக் கொடுக்குது. சார் வர்றதுக்கு முன்னாடி இங்க எதுவுமே கிடையாது. வெறும் பொட்டல்."

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த எல்விரா ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"எதும்மா பொட்டல்? நாங்க இருந்தோம். இப்பவும் இருக்கோம். மொதல்ல வேலிய விட்டு எல்லாரும் தள்ளி நில்லுங்க."

கூட்டம் தள்ளி நின்றது. பிரென்டிஸ் புன்னகைத்தார். "கோபப்படுங்கம்மா, தப்பில்ல. நல்ல கட்டடம்னா நாலு பேரச் சீண்டத்தான் செய்யும்."

"சீண்டுதா? உங்க கட்டடம் என் புருஷன ஆஸ்பத்திரில கொண்டுபோய்ப் போட்டுச்சுய்யா. உள்ள வந்து பாருங்க. எல்லாரும் வாங்க. இதுக்கு டிக்கெட் இல்ல."

"நாம அடுத்த கட்டடத்துக்குப் போகணும்..." என்று டெஸ்ஸா இழுத்தாள். ஆனால் கூட்டத்தில் இருந்த குட்டை முடிக்காரக் கிழவி ஒருத்தி, "நான் வர்றேன்" என்று கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். அவள் பின்னால் ஆறேழு பேர் வந்தார்கள். வேறு வழியில்லாமல் பிரென்டிஸும் வந்தார்.

ஆத்திரத்தில் எல்விரா ஒன்றை மறந்துபோனாள். உள்ளே ரமோன் ஜட்டியோடு, வேர்வையில் ஊறிக் கிடந்தான். கண்ணைத் திறந்தவன் தலைமாட்டில் ஒரு கும்பலையே பார்த்தான்.

"என்னடி இது?" துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். "அங்க அந்தச் சுவரு, இங்க நானா? என்னையும் வேடிக்கை காட்டுறியா நீ?"

எல்விராவுக்கு முகம் செத்துவிட்டது. வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அறை கொதித்தது. சுவர்ப் பூச்சு அப்பளம்போல் கொப்புளித்து நின்றது.

பிரென்டிஸ் மட்டும் ஜன்னலருகே போய் நின்றார். கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தன் சுவரையே பார்த்தார்.

"அற்புதம்," என்றார் மெதுவாக. "இந்தக் கோணத்துல நான் இதைப் பார்த்ததே இல்ல."

ரமோன் எழுந்தான். போர்வை நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. ஜன்னலோரம் கிடந்த மர நாற்காலியை இழுத்து வெளிச்சத்தின் நடுவில் போட்டான்.

"உட்காரு."

"எனக்கு நேரம்..."

"அற்புதம்னு சொன்னல்ல? உட்கார்ந்து நல்லா பாரு. நான் தினம் படுத்துக்கிட்டே பாக்கறேன்."

யாரும் வழியை மறிக்கவில்லை. ஆனாலும் அத்தனை பேர் கண்ணும் தன்மேல் இருந்ததால் அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் லினன் சட்டை முதுகோடு ஒட்டியது. கழுத்து சிவந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். கடைசியில் தண்ணீர் கேட்டார். எல்விரா குழாய்த் தண்ணீரைப் பிடித்து அவர் கையில் திணித்தாள்.

"முதலாளிகிட்ட பேசறேன்," என்று குடித்து முடித்ததும் சொல்லிவிட்டு வெளியேறினார்.

அன்று முழுக்க ரமோன் அவளோடு பேசவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது மட்டும், "அடுத்த தடவை என்னை எழுப்பிட்டுக் கூட்டிட்டு வா" என்றான்.

பிரென்டிஸ் யாரிடமும் பேசவில்லை. விடாமல் பேசியவள் அந்தக் கிழவிதான். அறைக்குள் எடுத்த படங்களோடு நகராட்சியில் ஏறி இறங்கி, ஒரு அதிகாரியைக் கையோடு கூட்டிவந்தாள். இலையுதிர் காலத்தில் எஃகுச் சுவரின்மேல் சாம்பல் நிற வலை கட்டினார்கள். ரமோன் அன்று சாயங்காலம்வரை குறட்டை விட்டான். தன் படைப்பின் முகத்தில் சாக்கைப் போட்டு மூடிவிட்டதாக பிரென்டிஸ் பத்திரிகையில் புலம்பியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் வந்தபோது எல்விரா தோட்டத்தில் ரப்பர்க் குழாயும் கையுமாக இருந்தாள். அவளைக் கவனிக்காமல் டெஸ்ஸா ஆரம்பித்தாள்: "துரதிர்ஷ்டவசமா, அக்கம்பக்கத்துக்காரங்களுக்குக் கலையை ரசிக்கத் தெரியாததால..."

எல்விரா குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். ரோஜாச் செடிகளையும் வேலியையும் தாண்டி, தண்ணீர் பீறிட்டுத் தெருவில் போய் விழுந்தது. கூட்டம் அலறியடித்துச் சிதறியது.

"கத்தாதீங்க!" என்று பல்லைக் கடித்தாள் எல்விரா. "உள்ள மனுஷன் தூங்கறான்."