பொன்னிக்குக் கொடுத்த வாக்கு

தாவீது உபதேசியார் கீழ்ப்புதூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த ஊர். சபையில் பதினெட்டுக் குடும்பங்கள். எல்லாரும் உப்பளத்துக்கும் சவுக்குத் தோப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள். பனையோலை வேய்ந்த கோயிலை அவர்களோடு சேர்ந்து மண் குழைத்து அவரே கட்டினார். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். சாயங்காலம் வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்துதான் நிற்கும்.

"நாம இங்க கூடுறது நமக்காவ இல்ல. ஊர் ஒதுக்கினவங்கள உள்ள கூட்டியாறதுக்குத்தான் இந்தக் கோயில்."

அதை அவர் முழுமனதாக நம்பித்தான் சொன்னார்.

மாதத்துக்கு ஒருநாள் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுப் பக்கம் இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆராதனை நடத்திவிட்டு வருவார். யாரும் சொல்லி ஏற்றுக்கொண்ட வேலை இல்லை. அங்கேதான் பொன்னி இருந்தாள். கீழ்ப்புதூர்க்காரி, சபை மூப்பர் சின்னையனின் கூடப்பிறந்த தங்கை. புருஷன் செத்த மறுவருஷம் அவள் முதுகில் உணர்ச்சியில்லாத தேமல் கண்டது. சின்னையன்தான் மாட்டுவண்டியில் கொண்டுபோய் விட்டான். ஐந்து வருஷத்தில் ஒருதரம்கூட எட்டிப் பார்க்கவில்லை.

தாவீது போகும்போதெல்லாம் அவள் ஒன்றையேதான் கேட்பாள்.

"என்ன மறுபடியும் நம்ம கோயில்ல சேத்துப்பாங்களா, ஐயா?"

"சபையே உனக்காவ காத்துகினு கீது, பொன்னி. நான் சொல்றேன்."

ஐம்பத்துநான்காம் வருஷம் தை மாதம், புது மாத்திரையில் நோய் நின்றுவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இடது கையில் இரண்டு விரல் மடங்கியிருந்ததைத் தவிர அவளிடம் ஒரு குறையும் தெரியவில்லை. தாவீதே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

சின்னையன் வீட்டுக் கதவு திறக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் சிலேட்டுகள் அடுக்கியிருந்த அறையைத் தாவீது அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார். உபதேசியாரின் மனைவி கிருபை கஞ்சியைத் தனிச்சட்டியில் ஊற்றிக் கொண்டுபோனாள். தாவீது அவளைத் தடுத்து, "நம்ம தட்டுல போடு" என்று அதட்டினார். அவள் தட்டை மாற்றினாள்.

முதல் ஞாயிறு பொன்னி பெண்கள் பாயில் வந்து உட்கார்ந்ததும் மற்றவர்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு சுவரோரம் போனார்கள். அடுத்த ஞாயிறு ஏழு குடும்பங்களே வந்தன. அதற்கடுத்த ஞாயிறு நான்கு.

போதகர் வந்து ஒரே பாத்திரத்தில் எல்லாருக்கும் திராட்சரசம் கொடுக்கும் திருவிருந்துக்கு இரண்டு நாள் முன்னால் சின்னையன் வந்தான்.

"ஞாயித்துக்கெயம போதகர் வர்றாரு. அவளும் பாத்திரத்துல வாய் வெப்பாளா?"

"அவளுக்கு நோவு இல்ல, மூப்பரே. டாக்டர் கடுதாசிய நீங்களே பாத்தீங்க."

"கடுதாசிய ஊருக்கெல்லாம் யாரு படிச்சுக் காட்றது? கருங்குழிலேர்ந்து எம்பொண்ண பாத்துட்டுப் போய்க்கீறாங்க. இவ வந்துக்கீற சேதி தெரிஞ்சா அவ்ளோதான். எனக்கு மட்டும் பாசம் இல்லியா?" சின்னையன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவ குடிச்ச பாத்திரத்துல யாரும் குடிக்க மாட்டாங்க, உபதேசியாரே. கோயிலே காலியாப் பூடும்."

பதினோரு வருஷ உழைப்பு தாவீதின் கண்முன் நின்றது. "அவ எல்லாருக்கும் கடைசில வரட்டும்" என்றார். சின்னையன் தலையசைத்தான்.

பொன்னியிடம் அதை எப்படியோ சொன்னார். அவள் சிரித்தாள்.

"கடைசில வந்தா இன்னா, ஐயா. வந்தா போதும்."

ஞாயிறு காலை கோயில் நிரம்பி வழிந்தது. போதகர் பாத்திரத்தை ஏந்தி நின்றார். ஆண்கள் முடித்தார்கள், பெண்கள் முடித்தார்கள், கடைசியில் பொன்னி தனியாக எழுந்து வந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முழங்கால் போட்டாள். ஐந்து வருஷத்துத் தாகம்போல அந்த ஒரு வாயைக் குடித்து, கண்ணை மூடியபடியே இருந்தாள்.

போதகருக்கு வயிற்றுப்புண். மீதியைக் கீழே கொட்டக்கூடாது; அதைத் தாவீதுதான் குடித்து முடிப்பது வழக்கம். பாத்திரம் அவர் கைக்கு வந்தது.

சபை முழுவதும் அவரையே பார்த்தது. அந்த நோயைப் பற்றி டாக்டர் சொன்னதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் கை எழவில்லை. ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷமாக யார் காப்பி நீட்டினாலும், "இன்னிக்கு உபவாசம்" என்று தாம் சொல்லிவந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நோயாளிகள் தலைமேல் கை வைத்து ஜெபித்திருக்கிறார். திரும்பி வந்ததும் கிணற்றடிக்குத்தான் முதலில் போவார்.

உதட்டை இறுக மூடிக்கொண்டு பாத்திரத்தைச் சாய்த்தார். குடித்ததுபோல் துணியால் மூடினார். ஆராதனை முடிந்ததும் கோயிலின் பின்பக்கம் போய், தாழம்புதர் ஓரம் மணலில் கொட்டினார்.

நிமிர்ந்தபோது பொன்னி தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை மூட்டையோடு வந்தாள்.

"நான் ஆசுபத்திரிக்கே போறேன், ஐயா. அங்க சமையக்கட்டுக்கு ஆள் வோணும்னாங்க."

"பொன்னி, நேத்து நான்..."

"எங்கண்ணன் பயந்ததுக்கு எனக்கு வருத்தம் இல்ல. அவன் பொண்ணப் பெத்தவன். நீங்க பயப்பட மாட்டீங்கன்னு நெனச்சுகினு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கிருபை ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பொன்னி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, கழியோரப் பாதையில் பஸ் நிற்குமிடத்தைப் பார்த்து நடந்தாள். தாவீது கூடப் போகவில்லை. போயிருக்கலாம்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். அதற்கடுத்த மாதம் வெயில். பிறகு எதுவும் சொல்லியனுப்பவில்லை. அங்கிருந்தும் யாரும் கேட்கவில்லை.

வைகாசியில் சின்னையன் மகள் கல்யாணம் அந்தக் கோயிலிலேயே நடந்தது. பதினெட்டுக் குடும்பமும் வந்திருந்தது. வாழ்த்துரையில் போதகர், இவ்வளவு ஒற்றுமையான சபையைத் தாம் வேறெங்கும் பார்த்ததில்லை என்றார். சின்னையன் தாவீதின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"முன்னெல்லாம் ஒண்ணு சொல்லுவீங்களே, ஊர் ஒதுக்கினவங்களப் பத்தி. அந்தப் பேச்சையே காணோமே?" என்று ஒருநாள் கிருபை கேட்டாள். அவர் எழுந்து வெளியே போனார்.

ஆனி மாதம், தம்மை இந்த ஊழியத்திலிருந்து விடுவிக்கும்படி போதகருக்கு எழுதினார். காரணத்தையும் எழுதி, அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு அனுப்பினார். அந்த உப்புக்காட்டுக்கு வேறு யார் போவார்கள், சபை உம்மை நம்பியிருக்கிறது, மனம் தளராதேயும் என்று பதில் வந்தது.

தாவீது அங்கேயே இருந்தார். அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தார். ஆனால் புதிதாக ஒருவரையும் அவர் சபைக்கு வா என்று அழைத்ததில்லை.