சோடா கேஸ் என்று எழுதியது நான்தான்

1.

இந்தக் கதை முதலில் ஒரு கடிதமாக இருந்தது. அந்தக் கடிதத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் கதையாக எழுதுகிறேன். கடிதத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கடிதம் எதிர்வீட்டு மசூதுக்காக எழுதியது. அதில் எனக்கு இடமில்லை. கதை என்னுடையது.

என்னைப் பற்றி நாலு வரி போதும். பெயர் சங்கரநாராயணன். இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பரீட்சையில் கடிதம் எழுதுக என்று வந்தால் இடம், நாள், விளி, உறைமேல் முகவரி என்று ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் உண்டு. ஒரு அரையைக்கூட நான் விட்டதில்லை. இன்றைக்கும் தென்காசியில் எங்கள் தெருவுக்கு விளக்குக் கம்பம் வேண்டுமென்றாலும், குடிதண்ணீர் கலங்கி வந்தாலும், மனு என் கையால்தான் போகும். எண் போட்டு எழுதுவேன். எண் போட்டால் படிக்கிறவர் நழுவ முடியாது. இந்தக் கதைக்கு எண் போட்டிருப்பதும் அந்தப் பழக்கத்தில்தான். புதுமை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2.

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"மேற்படி கண்ணாடித் தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம்; சுமார் அறுநூற்றெண்பது லிட்டர் கொள்ளும்." தகவல் சரி. ஆனால் டெண்டர் மாதிரி இருக்கிறது.

"குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் வந்து மசூதின் வீட்டுச் சன்னலில் —" இதைப் பாதியில் விட்டேன். சாரலுக்கு இந்தக் கதையில் ஒரு வேலை இருக்கிறது. முதல் வரியிலேயே பெய்துவிட்டால் வேலை வரும்போது ஈரம் இருக்காது.

"வேண்டாம் என்றாள் நூர்நிஷா." இது நிற்கட்டும்.

3.

வேண்டாம் என்றாள் நூர்நிஷா.

நூர்நிஷா மசூதின் மனைவி. மசூது இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டில், தம்மாமில், ஏசி மெக்கானிக்காக இருந்தவர். போன செப்டம்பரில் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். அவர் அங்கிருந்து பணம் அனுப்ப அனுப்ப, இங்கே கொத்தனாரோடு நின்று, சுவருக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கட்டியவள் நூர்நிஷா. அந்தச் சுவரில் ஒரு ஆணி அடிக்க அவள் விட்டதில்லை. காலண்டர்கூடச் சன்னல் கம்பியில்தான் தொங்கும். இது தெருவுக்கே தெரியும்.

திரும்பி வந்த மசூதுக்கு வீட்டில் எதை எங்கே வைப்பதென்று பிடிபடவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தால் அது அலமாரிக்குப் போயிருக்கும். செருப்பைப் படியில் விட்டால் மூலைக்குப் போயிருக்கும். ஒரு நாள் ஆறடி மீன் தொட்டியை வாங்கி ஹாலில் வைத்தார். அடியில் மண், மண்ணில் செடி, செடிக்குள் விரல் நீளத்துக்கு மீன்கள். அதை யாராலும் எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியாது.*

(* இந்தக் காரணம் என் ஊகம். அவர் சொன்ன காரணம், "பாத்துக்கிட்டு இருக்கலாம்லா அண்ணாச்சி.")

செடி வளரவில்லை. இலையெல்லாம் கறுப்புப் பாசி. செடிக்குச் சோறு கரியமில வாயுதான். தொட்டித் தண்ணீரில் தானாக இருப்பது அத்தனை செடிக்கும் போதாது. வெளியிலிருந்து குமிழாகக் கொடுக்க வேண்டும். ஹாலில் ஒரு சிலிண்டர் வைக்கலாம் என்றார் மசூது.

"வேண்டாம்."

"ஏன்னு சொல்லு."

"வேண்டாம்னா வேண்டாம். அடுப்புல உல கொதிக்கி, நான் போறேன்."

பேச்சு அவ்வளவுதான். இந்தக் கதையின் கேள்வியும் அவ்வளவுதான்: அவள் சம்மதிப்பாளா? சம்மதித்தால் மசூது இந்த வீட்டில் குடியிருக்கிறார். இல்லையென்றால் லீவில் வந்தவர் மாதிரியே இருந்துகொண்டிருப்பார்.

4.

சிலிண்டர் இல்லாத வழிகளை மசூது முயன்று பார்க்காமல் இல்லை.

முதல் வழி, பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும். தண்ணீரில் கரைத்து மூடினால் புளித்து வாயு கிளம்பும். அதைச் சின்னக் குழாயில் தொட்டிக்குள் விடலாம். சின்னத் தொட்டிக்கு ஒரு பாட்டில் போதும். இதற்குப் பத்து தேவைப்பட்டது. பத்தும் சன்னலோரம் வரிசையாக நின்று புளித்தன. அந்த வாரம் நூர்நிஷாவின் அண்ணன் நாசர், தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மச்சான், என்ன வாசம் இது?"

"செடிக்கு மருந்து."

"மருந்து வாசம் எனக்குத் தெரியாதா? இது கள்ளுக்கட வாசம்லா."

"சீனியும் ஈஸ்ட்டும்தான் மச்சான். வேற ஒண்ணும் கெடையாது."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

பத்திரிகையை நீட்டினார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் தெருமுனை திரும்புவதற்குள் பத்துப் பாட்டிலையும் நூர்நிஷா சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள்.

இரண்டாவது வழி, சிட்ரிக் ஆசிட்டும் ஆப்பசோடாவும். வாசம் இல்லை, யாரும் சந்தேகப்பட வழியில்லை. ஆனால் இவ்வளவு பெரிய தொட்டியில் நாலு நாளில் தீர்ந்துபோகும். அடுக்களையில் ஆப்பசோடா டப்பா காலியாகிக்கொண்டே இருந்தது. நூர்நிஷா டப்பாவை மேல் தட்டுக்கு மாற்றினாள்.

மூன்றாவது, சிலிண்டர். அதன் தலையில் ஒரு ரெகுலேட்டர். விளக்கு அணைந்ததும் வாயுவையும் நிறுத்திவிட ஒரு கரண்ட் வால்வு, ஏனென்றால் இருட்டில் செடி அதைச் சாப்பிடாது. தொட்டிக்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் கூடு. அதற்குள் கொஞ்சம் திரவம். திரவம் நீலமாக இருந்தால் வாயு குறைவு. பச்சை சரியான அளவு. மஞ்சளானால் மீனுக்கு மூச்சு முட்டும். ஒரு தடவை நிரப்பினால் ஐந்தாறு மாதம் தாங்கும். சோடா கம்பெனிக்குச் சிலிண்டர் போடுகிறவரே நிரப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

பெரிய தொட்டிக்கு மூன்றாவதுதான் சரி. அன்றும் எனக்குச் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. நான் தவறியது இதில் அல்ல.

5.

மே மாதத் தொடக்கத்தில் மசூது என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு லெட்டர் எழுதணும்."

"யாருக்கு?"

"எங்க வீட்டுக்குத்தான். நூர்நிஷாவுக்கு."

"ஏன் வே, அவ எதுத்தாப்லதான இருக்கா. கூப்பிட்டாக் கேக்கும்."

"நேர்ல பேசிப் பழக்கமில்ல அண்ணாச்சி. மொதல்ல லெட்டர். பொறவு போனு. எது கேக்கதுன்னாலும் நான் அங்கன இருந்துதான் கேட்டிருக்கேன். பக்கத்துல நின்னு கேட்டா அவ 'வேண்டாம்'னு சொல்லிட்டு அடுக்களைக்குப் போயிருதா. போன்லன்னா நின்னு கேப்பா."

"அப்ப மாடில நின்னு போன் பண்ணும்."

"பண்ணிப் பாத்தேன். 'எறங்கி வந்து சொல்லுங்க'ங்கா."

நான் தாளை எடுத்தேன். 'அன்புள்ள' என்று தொடங்கினேன். "மொதல்ல ஸலாம் போடுங்க" என்றார். போட்டேன். அவர் சொல்லச் சொல்ல எண் போட்டேன். ஒன்று, செடி ஏன் வளரவில்லை. இரண்டு, மற்ற வழிகள் ஏன் சரிவரவில்லை. மூன்று, இருபத்திரண்டு வருடம் கேஸ் சிலிண்டரோடுதான் வேலை, கை பழகியது. குழாய் நீளம் குறையக் குறைய நல்லது, ஆகவே தொட்டிக்குப் பக்கத்திலேயே சிலிண்டர் நிற்கும். நான்காவதாக அவர் சொன்னது இது:

"சிலிண்டர்ல இருக்கது கரியமில வாயு. காத்த விடக் கனம். அடச்ச ரூம்ல லீக்கானா தரையோட படியும், மூச்சு முட்டும். ஆனா நம்ம ஹால்ல யாரும் படுக்கதில்ல. அதனால பயமில்லன்னு எழுதுங்க."

இங்கேதான் என் கை நின்றது. மனு எழுதுகிறவனுக்கு ஒரு விதி உண்டு: மறுப்பதற்கான காரணத்தை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. விளக்குக் கம்பம் கேட்கும்போது, கம்பம் நட்டால் சாக்கடை அடைபடும் என்று யாராவது எழுதுவார்களா? நான் இப்படி எழுதினேன்:

"4. சிலிண்டரில் உள்ளது சோடாவில் போடும் அதே கேஸ்தான். பயம் வேண்டாம்."

மசூது வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். என் எழுத்தை நம்புகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். அவர் வீட்டு முகவரியைப் பின்கோடு வரைக்கும் உறையின் மேல் எழுதி, தபால்தலை ஒட்டி, பெட்டியில் போட்டேன். இரண்டு நாள் ஊரைச் சுற்றிவிட்டு, கடிதம் எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தபால்காரர் கொடுத்தபோது மசூது ஹாலில்தான் உட்கார்ந்திருந்தாராம். தொட்டியைப் பார்க்கிற மாதிரி இருந்தாராம்.

6.

மறுநாள் காலை நூர்நிஷா கடிதத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, எழுத்து உங்களுது. ஒண்ணு, ரெண்டு, மூணு அவரு பேச்சு. எனக்குத் தெரியும். இந்த நாலாம் நம்பர் யாரு பேச்சு?"

(முதல் பிரதியில் இந்த இடத்தில் "அவரே சொன்னதுதான்" என்று நான் சொன்னதாக எழுதியிருந்தேன். அப்படிச் சொல்லத்தான் வாய் எடுத்தேன். கதைக்கும் அது வசதி; சண்டை வரும், சண்டை வந்தால் கதை நீளும். ஆனால் அவள் நாலாம் எண்ணுக்கு அடியில் நகத்தால் ஒரு கோடு கிழித்திருந்தாள்.)

"என் பேச்சுதான்மா."

"சோடா கேஸாம். நானும் பத்தாங்கிளாஸ் படிச்சவதான். கரியமில வாயுன்னு எழுதி மார்க்கு வாங்கியிருக்கேன். தெரிஞ்சே மறைக்காருன்னு நெனச்சிட்டேன். ராத்திரி அவரு மொகத்தப் பாக்கல. அவரு என்னதான் சொன்னாரு?"

சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். 'தரையோட படியும்' என்றபோது தலையாட்டினாள். 'ஹால்ல யாரும் படுக்கதில்ல' என்றபோது தலை நின்றது.

"யாரும் படுக்கதில்லன்னா சொன்னாரு?"

"ஆமா."

படியில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு லீவு எப்பவும் டிசம்பர்லதான் அண்ணாச்சி. சீசன்ல ஒரு நாளு இந்த வீட்டுல இருந்ததில்ல. சாரல் விழுந்துட்டா கடையநல்லூரு, மேலப்பாளையம்னு எங்க ஆளுங்க அம்புட்டுப் பேரும் குத்தால அருவில குளிக்க வந்துருவாங்க. பதினஞ்சு பேரு, இருபது பேரு. ஹால்ல பாய விரிச்சா கால் வைக்க எடமிருக்காது. குளிருக்குச் சன்னல வேற அடச்சிருவோம். பச்சப்புள்ள எல்லாம் தரையிலதான் கெடக்கும்."

"இத அவருட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"எப்பிடிச் சொல்ல? ஒங்க வீட்டுல யாரு எங்கன படுக்காங்கன்னு ஒங்களுக்குத் தெரியலன்னு சொல்லணுமா? மொகம் சின்னதாப் போயிருமே. வேண்டாம்னா ஒரு வார்த்தையோட போயிரும்."

(இங்கே அவள் கண் கலங்கியதாக எழுதி அடித்துவிட்டேன். கலங்கவில்லை. தெருவில் போன மீன்காரரை நிறுத்தி, "சாளை இருக்கா?" என்று கேட்டாள்.)

7.

அன்று மத்தியானமே நான் எதிர்வீட்டுக்குப் போய் மசூதிடம் நாலாம் எண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அவ வாசிச்சாளா? முழுசாவா?" என்று மட்டும் கேட்டார்.

பதில் தபாலில் வரவில்லை. என் கடிதத்தின் பின்பக்கத்திலேயே நீலப் பேனாவில் எழுதி, தொட்டியின் மூடிமேல் வைத்திருந்தாளாம். மசூது என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அவளும் எண் போட்டிருந்தாள். அப்படியே தருகிறேன்:

"1. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஹாலில் இருபது பேர் படுப்பார்கள். இந்த வருடம் நீங்களே பார்ப்பீர்கள்.
2. ஆகவே சிலிண்டர் ஹாலில் வேண்டாம். பின்னால், வெளியே, மாடிப்படிக்கு அடியில் நிற்கட்டும். அங்கே காற்றோட்டம் உண்டு, மழை படாது.
3. குழாய்க்குச் சுவரில் துளை போட்டுக்கொள்ளலாம்.
4. ஆப்பசோடா இனி எடுக்க வேண்டாம்."

மசூது மூன்றாவதில் விரலை வைத்தபடியே நின்றார். "சொவத்துலயா எழுதியிருக்கா? வாசிச்சுப் பாருங்க அண்ணாச்சி." நான் வாசித்தேன். "இன்னொரு தடவ" என்றார்.

8.

இனி முடிவு. கைவசம் இரண்டு தயாராக இருந்தன.

ஒன்று: சாரல் விழுகிறது. இருபது பேர் ஈரத்தலையோடு தொட்டிமுன் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வோர் இலையிலும் முத்து முத்தாகக் குமிழ். கண்ணாடிக் கூட்டில் பச்சை. நாசர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கிறார். — நன்றாக இருக்கிறது. ஆனால் இது மே மாதம். சொல்லாததைச் சொன்னதாக எழுதி ஒரு தடவை பட்டது போதும்; நடக்காததை நடந்ததாக எழுத மாட்டேன்.

இரண்டு: ரெகுலேட்டர் பழுதாகி, மஞ்சள் நிறம் — வேண்டாம். நூர்நிஷா யோசித்துத் தடுத்த ஒன்றை, கதை விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று நான் மறுபடி வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

நடந்தது வரைக்கும் சொல்கிறேன். நேற்று டேப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். சுவரில் இரண்டு குறிகள் இருந்தன.

ஒன்று பென்சில் புள்ளி. மசூது போட்டது. தொட்டியிலிருந்து எட்டடி தள்ளி, அலமாரிக்குப் பின்னால், தரையோரத்தில். அங்கே போட்டால் சுவரில் துளை இருப்பது யாருக்கும் தெரியாது. குழாய் மட்டும் மூன்று தடவை வளைந்து வர வேண்டும்.

இன்னொன்று நீலப் பேனாவில் ஒரு பெருக்கல் குறி. நூர்நிஷா போட்டது. தொட்டிக்கு நேர் மேலே, சுவரின் நடுவில், வாசலில் நுழைகிற எவர் கண்ணிலும் படும்படி. அங்கிருந்து குழாய் நேராக இறங்கும். மசூதின் கடிதத்தில் மூன்றாம் எண்ணை அவள் கவனமாக வாசித்திருக்கிறாள்.

"அதுல போட்டா சொவரு அசிங்கமாயிரும்ட்டி."

"இதுல போட்டா கொழாய் நீளமாயிரும்னு நீங்கதான எழுதுனீங்க?"

"நீளமானா இருந்துட்டுப் போகுது."

"அசிங்கமானா இருந்துட்டுப் போகுது."

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்திருக்கலாம்; ஆனாலும் இந்தத் தடவை அவள் அடுக்களைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி."

ஒரு தடவை அவர்கள் கடிதத்தில் என் சொல்லை வைத்தேன். இன்னொரு தடவை மாட்டேன். டேப்பைச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். டிரில்லிங் மெஷின்காரர் வியாழக்கிழமை வருகிறார். இந்தக் கதையை நான் முடிப்பது புதன்கிழமை. கடைசி வரியை, எங்கள் பள்ளிக்கூட வினாத்தாள் வழக்கப்படி, உங்களிடம் விடுகிறேன்.

கோடிட்ட இடத்தை நிரப்புக:

வியாழக்கிழமை காலை, .................... போட்ட குறியில் துளை போடப்பட்டது.

இரண்டு பெயரும் சரியான விடைதான். துளை ஒன்றுதான்.