சிறகின் அடிப்பக்கம்

மூன்றாவது நாளாக அந்தப் பறவை அதே இடத்தில் சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. பறக்கிற உத்தேசமே இல்லை. எனக்கோ விடுப்பு அன்றோடு முடிகிறது. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். அங்கே எனக்குக் 'கொக்கு சார்' என்று பெயர். ஊரில் மிச்சமிருக்கும் ஒரே ஏரி இதுதான். இதையும் மண் கொட்டி மூடி, லாரி நிறுத்துமிடம் ஆக்கப்போகிறார்கள். மறுநாள் காலை அதிகாரி பார்வையிட வருகிறார். அழியும் நிலையில் உள்ள உயிரினம் ஏதாவது இருந்தால் மட்டும் வேலையை நிறுத்திவைப்பார்களாம். பத்து வருடம் மனுவோடு அலைந்து செருப்புத் தேய்ந்தவனுக்குக் கடைசி நேரத்தில் இந்தப் பறவை வந்து இறங்கியிருந்தது.

புள்ளிப் பச்சைக்காலி. உலகத்திலேயே ஓரிரண்டாயிரம்தான் இருக்கும். வம்பு என்னவென்றால், சாதாரணப் பச்சைக்காலியும் பார்க்கக் கிட்டத்தட்ட இதேதான். கால் நிறத்தை வைத்துச் சொல்லலாம் என்றால், கால் முழுக்கச் சேறு. நான் அனுப்பிய நாற்பது படங்களையும் பார்த்துவிட்டுப் பறவைப் பதிவுக் குழு ஒரே வரியில் பதில் போட்டது: சிறகின் அடிப்பக்கம் சுத்த வெள்ளை என்று தெரிந்தால் ஏற்கிறோம்.

குடை பிடிக்க வந்திருந்த மனைவியிடம், "கொஞ்சம் கை தட்டேன்" என்றேன்.

"எதுக்கு?"

"பறக்கணும்."

"அது பாட்டுக்கு சாப்பிட்டுட்டு இருக்கு. எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துச்சோ, பாவம். சாப்பிடும்போது யாராவது எழுப்புவாங்களா? நீங்க எழுந்திருப்பீங்களா?"

"நாளைக்கு அந்த ஆளு வந்து, இது சாதாரணம்னு எழுதிட்டா?"

அவள் கை தட்டவில்லை. நான் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தேன். வலது கை ஸ்டாண்டில் இருந்த கேமராவில். இடது கையால் எறிந்தேன். ரொம்பத் தள்ளித்தான் எறிந்தேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

பதினோரு படம். வெள்ளை, பொட்டு அழுக்கில்லாத வெள்ளை! சின்னப் பிள்ளைபோலக் கத்தினேன். அது ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரே ஒரு தரம் குரல் கொடுத்துவிட்டுக் கிழக்கே போனது. இருட்டும்வரை நின்றோம். வரவில்லை.

அதிகாரி நல்ல மனிதர்தான். எனக்காக, பறவை திரும்பி வருமா என்று ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருந்தார்.

"படம் நல்லா இருக்கு சார். பறவை எங்க?"

"நேத்து இருந்துச்சு."

"நேத்து நான் வரலையே. சரி, குழு ஏத்துக்கிட்டதுக்குக் கடிதம் இருக்கா?"

"ரெண்டு வாரம் ஆகும்."

'குறிப்பிடத்தக்க பறவை ஏதும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

சொன்னபடி இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. அதற்குள் பாதி ஏரி மண்ணாகிவிட்டது. பதிவு ஏற்கப்பட்டது, வாழ்த்துகள். கீழே ஒரு கேள்வி: முதல் படத்தில் பறவைக்குப் பக்கத்தில் தண்ணீர் தெறித்திருக்கிறதே, அது எதனால்? குறிப்புக்காக மட்டும்.

'மீன்' என்று அடித்தேன். அழித்தேன். மனைவி பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"மீன்னே போடுங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. தோளில் கை வைத்து, காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோலச் சொன்னாள்.

முதல் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். இரண்டு சிறகும் மேலே விரிந்து வெள்ளை வெளேரென்று இருந்தன. கால்கள் இன்னும் சேற்றை விடவில்லை. அவற்றிலிருந்து ஒரு சாண்கூடத் தள்ளியில்லை, தண்ணீர் கிண்ணம்போலக் குழிந்து எழும்பி நின்றது.