பெருமாளுக்கு ஆட்சேபணை இல்லை

பூஜிதாவின் கணவன் ஸ்ரீனிவாசுக்கு ஒரு மலைச் சைக்கிள் உண்டு. பீளமேட்டு வீட்டு ஹாலில், பெருமாள் படத்துக்கு ஒரு முழம் தள்ளி, அது சுவரில் மாட்டியிருந்தது. முன்னால் ஒரு ஸ்பிரிங், பின்னால் ஒரு ஸ்பிரிங், பாறையில் விழுந்தாலும் உடையாது என்று கடைக்காரன் சத்தியம் செய்த சட்டம். சத்தியம் உண்மையா பொய்யா என்று இதுவரை தெரியவில்லை, சைக்கிள் இன்னும் ஒரு பாறையையும் நேரில் பார்த்ததில்லை. ஆயுத பூஜையன்று மட்டும் தவறாமல் கீழே இறங்கும். மாமியார் அம்புஜம் இரண்டு டயருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார். எலுமிச்சம்பழம் நசுங்கியதும் மறுபடி ஆணிக்கு ஏறிவிடும்.

இதனால் ஸ்ரீனிவாசுக்கு மலை தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. உலகத்தில் எந்த மலையில் எத்தனை மைல் சைக்கிள் பாதை, எது செங்குத்து, எதில் வேர் அதிகம், எந்த மாதம் சேறு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். கோயம்புத்தூரில் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாலே மேற்கே மலை தெரியும். அதில் ஏன் ஏறுவதில்லை என்று யாராவது கேட்டால் பரிதாபமாகப் பார்ப்பான். "இங்க டிரெயில் கல்ச்சரே இல்லீங்க" என்பான். கல்ச்சர் வரும்வரை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில், முதுகில் தண்ணீர்ப் பையும் அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாயுமாக, இளநீர்க் கடையைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தான்.

பூஜிதாவின் பிரச்சினை இதுவல்ல. அவள் அவிநாசி ரோட்டில், நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கிளையில் டிசைன் இன்ஜினியர். ஆறு வருடம் உழைத்து, நூலை முறுக்கும் கதிர் சுற்றும்போது வரும் அதிர்வைப் பாதியாகக் குறைத்துக் காட்டியிருந்தாள். வெளிநாட்டில் ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்கக் கூப்பிட்டார்கள். அவள் வீட்டில் சொன்னபோது ஸ்ரீனிவாஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

"மலை இல்லாத ஊருக்கு நான் வர மாட்டேன் பூஜி. அது மட்டும் கண்டிப்பு."

அவள் கம்பெனியோடு மல்லுக்கட்டி, சமவெளி ஊர்களையெல்லாம் தள்ளிவிட்டு, மலையடிவாரத்து அலுவலகங்களாக மூன்றை வாங்கி வந்தாள். கனடாவில் வான்கூவர், ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக், நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச். "உங்களுக்குப் புடிச்சதச் சொல்லுங்க, நான் கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றாள். அது தை மாதம். இப்போது ஆடி.

இந்த ஏழு மாதமும் ஸ்ரீனிவாஸ் சும்மா இருந்தான் என்று யாரும் பழி சொல்ல முடியாது. எக்செல்லில் பட்டியல் போட்டான். பாதையின் நீளம், ஏற்றம், மழை, பனி, சைக்கிள் பழுது பார்க்கும் கடை, காட்டு விலங்கு என்று தலைப்புகள் வளர்ந்துகொண்டே போயின. அம்புஜம் தன் பங்குக்குத் தயிர் உறையுமா, பெருமாள் கோயில் எத்தனை தூரம் என்று இரண்டைச் சேர்த்தார். நாற்பது வருடமாக மோட்டார் பம்ப் செய்து விற்கும் மாமனார் நரசிம்மலு, "த்ரீ பேஸ் கரண்டு வருமான்னு கேட்டு எழுதுடா" என்றார். அதையும் எழுதினான். தலைப்புகள் நாற்பத்திரண்டு ஆயின. கனடா முதலிடத்துக்கு வந்த வாரம் அவனுக்குக் கரடி ஞாபகம் வந்தது. ஆஸ்திரியா வந்தபோது ஜெர்மன் படிக்க வேண்டுமே என்றான். நியூசிலாந்து வந்தபோது பூமி ஆடும் என்றான். பூஜிதா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

கம்பெனி கடைசியாக ஒரு கடிதம் அனுப்பியது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்தவர் யார் என்று பூஜிதாவுக்குத் தெரியும். அவள் போட்ட வரைபடத்தைத் தன் பெயரில் மீட்டிங்கில் காட்டியவன்.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் அம்புஜம் தீர்வு சொன்னார்.

"இதுக்கு எதுக்கு கண்ணு இத்தன ரோசன? காரமடைக்குப் போயி பூக் கேட்டுப்போடலாம். வெள்ளப் பூ வந்தாப் போறது, செகப்பு வந்தா வேண்டாங்கறது. நம்ம ஊட்டுல எல்லாக் காரியமும் அப்படித்தான நடந்துருக்குது?"

நடந்துதான் இருந்தது. அம்புஜத்தின் கல்யாணம், நரசிம்மலுவின் பட்டறை, பூஜிதாவைப் பெண்ணெடுத்தது, எல்லாவற்றுக்கும் காரமடை ரங்கநாதர் சன்னதியில் வெள்ளையும் சிவப்புமாகப் பொட்டலம் கட்டி வைத்து எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அத்தை மனதுக்குள் மூன்று சிவப்பை எதிர்பார்க்கிறார் என்பது பூஜிதாவுக்குப் புரிந்தது. ஆனால் ஸ்ரீனிவாஸ் முகம் மலர்ந்தான். முடிவு எடுக்கும் வேலை தன் கையை விட்டுப் போவதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அதோடு, "நான் சைக்கிள்லயே வாரேன். பயிற்சியாவும் ஆச்சு" என்று வேறு அறிவித்தான்.

வெள்ளி காலை ஆறு மணிக்குச் சைக்கிள் ஆணியிலிருந்து இறங்கியது. ஸ்ரீனிவாஸ் தலைக்கவசம், முழங்கால் கவசம், முழங்கைக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் சாலையில் மிதித்தான். பின்னாலேயே கார், நரசிம்மலு ஓட்ட, பக்கத்தில் பிளாஸ்க்கோடு அம்புஜம், பின்சீட்டில் பூஜிதா. நான்கு விளக்கும் மின்னிக்கொண்டே போனதால் ஆம்புலன்ஸ் என்று நினைத்து இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். பஸ்காரர்கள் மட்டும் ஹாரன் அடித்துத் திட்டினார்கள்.

கவுண்டம்பாளையத்தில் தண்ணீர் குடித்தான். துடியலூரில் முழங்கால் வலித்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் சைக்கிளை நிறுத்தி, "எதிர்காத்து ஜாஸ்தியா இருக்குதுங்கப்பா" என்றான். மரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. நரசிம்மலு இறங்கிச் சைக்கிளைக் காருக்குப் பின்னால் கட்டினார். அம்புஜம் முந்தானையால் மகனின் முகத்தைத் துடைத்துவிட்டார். வயது முப்பத்தைந்து ஆகப் போகிறது.

காரமடைக் கோபுரம் கண்ணில் பட்டதும், "அப்பா, ஒரு நிமிசம்" என்று வண்டியை நிறுத்தச் சொன்னான். சைக்கிளை இறக்கினான். தலைக்கவசத்தை மாட்டி, பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கழுத்தில் தெளித்துக்கொண்டு, கோபுரத்தைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கச் சொன்னான். பூஜிதாதான் எடுத்தாள். அவன் அங்கேயே நின்று அதை இணையத்தில் போட்டான். செருப்பை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போவதற்குள் நூற்றுப் பதினேழு பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள். அவனுக்கும் அது நிஜமாகவே நடந்தது போலத்தான் இருந்தது. காலைத் தாங்கித் தாங்கி நடந்தான்.

சன்னதியில் அம்புஜம் ஊருக்கு ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு என்று பொட்டலங்களை வைத்தார். கூட்டத்தில் நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, "சாமி, இதுல ஒண்ணு எடு" என்றார். முதலில் கனடா. பிரித்தால் வெள்ளை.

ஸ்ரீனிவாஸ் அவசரமாக அடுத்த பொட்டலங்களைக் காட்டினான். "எதுக்கும் மத்ததையும் கேட்ருலாம்மா. ஒண்ண வெச்சு முடிவு பண்ணக் கூடாது."

அடுத்தது ஆஸ்திரியா. வெள்ளை. நியூசிலாந்தும் வெள்ளை. அந்தப் பெண் பொங்கலை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். காரமடைப் பெருமாள் மூன்று கண்டத்துக்கும் சேர்த்து உத்தரவு கொடுத்துவிட்டார். அம்புஜம் பிரிக்காத சிவப்புப் பொட்டலங்கள் மூன்றையும் ஒரு முறை திறந்து பார்த்துக்கொண்டார். ஆனால் பூஜிதா பார்த்தது அத்தையின் முகத்தை அல்ல. அவருக்குப் பக்கத்தில் அதைவிட வெளுத்துப்போய் ஸ்ரீனிவாஸின் முகம் நின்றது.

பிரகாரத்தில் தூண் ஓரமாக உட்கார்ந்தார்கள். மணி பதினொன்று.

"மூணும் வெள்ளைன்னா என்ன அர்த்தம்? சாமியே குழம்பிப்போச்சு" என்றான் ஸ்ரீனிவாஸ். "மறுபடி பட்டியலைப் பாத்தர்லாம். வெயிட்டேஜ் மாத்தோணும். கம்பெனில ஒரு ஆறு மாசம் டயம் கேளு பூஜி. அடுத்த வருசம் நார்வேல கூட ஆபீஸ் தொறக்கறாங்கன்னு சொன்னயே?"

"சாமி குழம்பலீங்க. எங்க வேணா போ, ஆனா போன்னு சொல்லிருக்குது" என்றாள் பூஜிதா.

அவன் போனில் பட்டியலைத் திறந்து அவளிடம் நீட்டினான். ஏழு மாதத்தில் அவள் அதை முழுதாகப் படித்ததில்லை, அவன் வாயால் கேட்டதோடு சரி. இப்போது ஒவ்வொரு தலைப்பாகத் தள்ளிப் பார்த்தாள். சேறு, பனி, கரடி, தயிர், பெருமாள், த்ரீ பேஸ். அட்டைப் பூச்சிக்குத் தனியாக ஒன்று, சைக்கிளைத் துடைக்கிற துணி கிடைக்குமா என்று ஒன்று. கடைசி வரைக்கும் போய், மறுபடி முதலிலிருந்து வந்தாள். நாற்பத்திரண்டில் அவள் வேலை இல்லை. மூன்று ஊரில் எந்த ஊரில் அவளுக்கு என்ன வேலை என்று ஒரு தலைப்பும் இல்லை. அவளுக்கு ஆத்திரம் வந்தது. கோயில் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறன், மறைக்காம சொல்லுங்க. உங்களுக்குப் போகோணும்னு இருக்குதுங்களா?"

"என்ன பூஜி இப்படிக் கேக்கற? என் வாழ்க்கைலயே அது ஒண்ணுதான ஆசை? சரியான எடமா அமையோணும், அவ்வளவுதான்."

"அமையலீன்னா?"

"தேடோணும்."

அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அவனுக்குத் தேடுவது பிடித்திருந்தது. பீளமேட்டில் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் கால் நீட்டி, ஆல்ப்ஸ் மலையில் எது சொத்தை எது நல்லது என்று தரம் பிரிப்பதில் இருக்கிற சுகம் அங்கே போய் மூச்சு வாங்குவதில் வராது. இதற்காகவா அந்த மூன்று ஊரைச் சண்டை போட்டு வாங்கினோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

அவள் தன் போனை எடுத்தாள். கம்பெனி அனுப்பிய படிவத்தைத் திறந்தாள். ஊர் என்ற இடத்தில் இன்ஸ்ப்ரூக் என்று போட்டாள். அவள் வரைந்த இயந்திரத்தை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கப் போவது அங்கேதான். அதைத் தவிர வேறு காரணம் தேவைப்படவில்லை, அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அம்புஜம் எட்டிப் பார்த்தார். "என்ன அம்மணி, எழுதறயா? அவன் இன்னும் ரோசன பண்ணிட்டிருக்கறானே?"

"பூ வந்துருச்சுங்கத்தை. வந்த பூவ மாத்தலாங்களா?"

அது அம்புஜம் நாற்பது வருடம் தானே சொல்லி வந்த சட்டம். நரசிம்மலு தூணில் சாய்ந்தபடி, "மாத்தக் கூடாது" என்றார். மருமகளைப் பார்க்காமல், கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

படிவத்தில் அடுத்த கேள்வி, உடன் வரும் குடும்பத்தார் எத்தனை பேர். பூஜிதாவின் விரல் அங்கே நின்றது. ஒன்று என்று போட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. இத்தனைக்கும் பிறகும் இருந்தது. பேச்சுக்குக்கூட ஒரு முறை, அட நீ போடு, வருவது வரட்டும் என்று அவன் சொன்னால் போதும். அவள் பூஜ்யம் என்று போட்டாள். அனுப்பும் பொத்தானை அழுத்தாமல், போனை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

ஸ்ரீனிவாஸ் படித்தான். அவன் கத்துவான், கையைப் பிடிப்பான், போனைப் பிடுங்குவான் என்று காத்திருந்தாள். ஏழு மாதமாக ஒரு ஊரைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாத மனிதன் அவன்.

"சரி பூஜி, அனுப்பிரு" என்றான் உடனே.