படம் எடுக்காத தலை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன மாதம் நெஞ்சு வலி என்று கப்பல் கட்டும் எங்கள் கோஜே தீவில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஓடினேன். பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க" என்றார்கள். ஒரு குளுக்கோஸ் பாட்டில்கூட ஏற்றவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், அவமானமாக இருந்தது. நோயாளியை வீட்டுக்கு அனுப்பிச் சாகடிக்கும் டாக்டர் ஒருத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'கப்பல் கட்டும் தளத்தின் மேல் மரணத்தின் கருமேகங்கள்—'

அடித்துவிட்டேன். என் அப்பா அந்தத் தளத்தில் இருபத்தாறு வருடம் துரு சுரண்டினார். மேகத்தை அண்ணாந்து பார்க்க எவனுக்கு நேரம்?

இரண்டாவது: சாரத்தில் நின்ற வெல்டர் பியோ கிதே, வயது ஐம்பத்தேழு, குழாயில் தலையை இடித்துக்கொண்டான். புடைத்தது. (ஹெல்மெட்டா? வியர்வை துடைக்கக் கழற்றியிருந்தான். விதி எழுதுகிறவர்களுக்கு வியர்ப்பதில்லை.) மேஸ்திரி அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மனைவி மால்சுன் ஓடி வந்தாள்.

3

டாக்டர் தோ யூஜின். [இவளைத் திமிர் பிடித்தவளாக எழுதத் திட்டம். ஒத்துழைக்கவில்லை. பொறுமையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள்.] மயக்கம்? இல்லை. வாந்தி? இல்லை. இடித்தது ஞாபகம் இருக்கிறதா?

"குழாய் நம்பர்கூடச் சொல்லுவேன்."

"ஸ்கேன் வேணாம்மா. ஒரு நாள் கூடவே இருந்து பாத்துக்கங்க. வாந்தி வந்தா, பேச்சு குழறினா, தலவலி கூடிட்டே போனா உடனே கூட்டிட்டு வாங்க."

"வேணாமா? எங்க சித்தி வயித்து வலின்னு வந்துச்சு, தலையிலருந்து கால் வரைக்கும் படம் புடிச்சீங்க. என் புருஷன் மண்டைன்னா எளக்காரமா?"

"ஏ, சும்மா இரு," என்றான் கிதே. "பாங் அண்ணன் கதி மறந்துபோச்சா?"

கூட வேலை செய்த பாங்குக்கும் இப்படித்தான் ஓர் இடி, ஒரு ஸ்கேன். இடிக்குச் சம்பந்தமில்லாத ஒரு புள்ளி தெரிந்தது. ஆயுசுக்கும் ஒன்றும் செய்யாத புள்ளியாக இருக்கலாம் என்றார்கள். கம்பெனிக்கு 'இருக்கலாம்' பிடிக்காது. உயரத்தில் ஏறத் தடை. முப்பது வருட வெல்டர் இப்போது ஸ்டோரில் கையுறை எடுத்துக் கொடுக்கிறார்.

"உசுரோட குடுக்கறாருல்ல!" என்றாள் மால்சுன்.

"அதுக்குப் பேரு உசுரா?"

மால்சுன் டாக்டரிடம் திரும்பினாள். "ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் குடுங்க டாக்டரம்மா, போயிடறேன்."

"அத யாராலயும் எழுதித் தர முடியாதும்மா. படம் எடுத்தாலும் முடியாது."

4

முடிவு (அ): வீட்டில் சாகிறான். நீங்கள் அழுவீர்கள், எனக்குப் பரிசுகூடக் கிடைக்கும்.

(ஆ): ஸ்கேன், புள்ளி, கையுறை.

(இ): காரமான மீன் குழம்பில் சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டு, ஒரு நாள் படுத்திருந்து, வேலைக்குப் போகிறான். இப்படி வருகிறவர்களில் அநேகமாக எல்லோருக்கும் நடப்பது இதுதான். எந்தப் பத்திரிகையும் போடாது.

(அடிக்குறிப்பு: வீட்டுக்கு அனுப்பி நன்றாக இருக்கும் ஆயிரம் பேருக்கு ஒரு கதை கிடையாது. தவறிப்போன ஒருவனுக்கு ஆயிரம் கதை எழுதுவோம். மால்சுன் பயப்படக் கற்றது எங்களிடம்தான்.)

5

"ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுங்க," என்றாள் டாக்டர். "இன்னைக்கு சோஜு மட்டும் குடிக்கக் கூடாது."

"அப்போ ஸ்கேனே எடுத்துடுங்க," என்றான் கிதே.

மால்சுன் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஒரு நாள் முழுக்க இந்த மூஞ்சியையா பாத்துட்டு உக்காரணும்?"

டாக்டர் அவள் பதிலுக்காக நிற்கிறாள். கிதேயும் அவளைத்தான் பார்க்கிறான்.

நான் இதற்கு மேல் எழுதப் போவதில்லை. சாகடித்தே ஆக வேண்டுமென்றால் நீங்களே சாகடித்துக்கொள்ளுங்கள். நாளை மறுநாள் காலை அவனுக்கு வேலை இருக்கிறது.