கதவு சாத்திய பெட்டியின் கணக்கு

1

2009 மே 14, பகல் 2.10. கடலூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பம்பு நின்றது. தேதி என் கற்பனை. நான் நிஜமாகப் பார்த்தது ஒன்றுதான்: கதவு திறந்த ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் காற்றடித்துக்கொண்டிருந்த டேபிள் ஃபேன். மற்றதெல்லாம் பிறகு சேர்த்தது.

2

ஜோதி மேரி சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி. கன்ட்ரோல் பேனல் என்கிற இரும்புப் பெட்டிக்குள் ஓடும் ஒயர்களில் வெளியிலிருந்து வரும் ரேடியோ அலை எவ்வளவு ஏறும் என்று கணினியில் கணக்குப் போடுபவள். வாக்கிடாக்கியின் அலையால் பம்பு நின்றிருக்குமா என்று நிர்வாகம் அவளிடம் கேட்டது. நேரில் போய் அளந்தாள். கணக்கும் அளவும் பொருந்தின. நிற்காது என்று அறிக்கை கொடுத்தாள். அன்று மாலை அவள் மகிழ்ச்சியில்

(வேண்டாம். அவள் மகிழ்ச்சியை நான் பார்க்கவில்லை.)

அலை நிறுத்தவில்லை என்றால் ஆள்தான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆபரேட்டர் கலியமூர்த்தியை சஸ்பெண்ட் செய்தார்கள்.

3

அவர் பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்தார்.

"நீங்க அளக்க வந்த அன்னிக்குத்தான் மேடம் பேனலு கதவ சாத்துனோம். விருந்தாளி வராங்கன்னு வீட்ட பெருக்குற மாதிரி."

"மத்த நாள்ல?"

"தொறந்துதான் கெடக்கும். சாத்துனா சூடு ஜாஸ்தியாயி நின்னுடும். கடலூரு வெயில ஒங்க கம்ப்யூட்டர்ல போட்டீங்களா?"

"பம்பு நின்ன அன்னிக்கு வாக்கிடாக்கி யார்கிட்ட இருந்துது?"

"எங்கிட்டதான். பேனலு முன்னாடி நின்னு பேசுனேன். ஹலோன்னேன், நின்னுட்டுது."

கதவைத் திறந்துவைத்து மறுபடி கணக்குப் போட்டாள். இரண்டு நாள் ஆயிற்று. இந்தக் கணக்கில் பம்பு நின்றது.*

* முதல் வரைவில் நானும் கதவைச் சாத்தித்தான் எழுதினேன். கதை நன்றாகவே வந்தது.

4

முடிவு அ: திருத்திய அறிக்கை போகிறது, வேலை திரும்பக் கிடைக்கிறது. எழுதிப் பார்த்தேன். கலியமூர்த்தியே நம்பமாட்டார்.

முடிவு ஆ: ஜோதி மேரி பேசாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறாள். இதை எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அடித்துவிட்டேன்.

முடிவு இ உங்களுடையது. என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: கையெழுத்துப் போடும் முன் அவள் அவருக்குப் போன் செய்து திருத்திய அறிக்கையை வாசித்துக் காட்டினாள்.

"கதவ ஏன் மேடம் எழுதுனீங்க? தொறக்கறதே அங்க குத்தம். அலைன்னு மட்டும் போடக் கூடாதா?"

"அலையால நிக்காதுன்னு மொத அறிக்கையில நானே எழுதிக் குடுத்திருக்கேன். கதவ சொல்லாம அத மாத்த முடியாது."

"சூப்பர்வைசர் தொறன்னு வாயாலதான் சொன்னாரு. தொறந்தது யாருன்னு கேட்டா, எம்பேர எழுதுவீங்களா மேடம்?"